காய்ச்சலும் பாய்ச்சலும் வயலுக்குச் சரி, கரிச்சதுப்புக்கு ஏன் ஆகாது?

நாற்றங்கால் | தக்கலை

விண்பதியம் போடும்போது கிளையின் பட்டையை வளையமாகச் சீவி, ஈரப் பாசியைச் சுற்றி, பாலிதீன் தாளால் இறுக்கிக் கட்டுகிறோம். அந்த ஸ்பாக்னம் பாசியை இருபது வருடமாக மூட்டை மூட்டையாக வாங்குகிறேன். அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. போன வாரம் தென்னை நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் பண்ணைக்கு வந்தார். ஐரோப்பாவில் நாற்றுத் தொட்டிகளில் நிரப்பும் பீட்டைத் தோண்டுவதைக் குறைத்து வருகிறார்கள், அயர்லாந்தின் அரசு நிறுவனமே நிறுத்திக்கொள்வதாக 2021-இல் அறிவித்துவிட்டது, நம் நார்த்தூளுக்குக் கிராக்கி அதனால்தான் என்றார். இதே இனப் பாசி மக்காமல் ஆயிரக்கணக்கான வருடம் படிந்து படிந்து உண்டாவதுதான் பீட்டாம்.

என் சந்தேகம் வேறு. பீட் படியும் அந்தச் சதுப்புகளில் தண்ணீரை வடித்தால் கரியமில வாயு கிளம்பும், ஆகவே தண்ணீர் நிற்க வேண்டும் என்கிறார்கள். இங்கே வயலில் தண்ணீர் நின்றால் மீத்தேன் கிளம்பும், ஆகவே காயவிட வேண்டும் என்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

வயல்வரப்பு | திருப்பதிசாரம்

அங்கே நிறுத்த வேண்டும், இங்கே வடிக்க வேண்டும். ஆக மொத்தம், எவன் எதைச் செய்துகொண்டிருக்கிறானோ அதை மாற்றச் சொல்வதுதான் விஞ்ஞானம் போலிருக்கிறது. 41 வருடமாகக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் போடுகிறேன். வயலில் தண்ணீர் நின்றால் களை அடங்கும் என்பது என் பாட்டா சொன்னது. வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சு, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று இப்போது இவர்கள் சொல்ல வருகிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள் என் கையிலா இருக்கிறது?

தேரூர் நாரை

மாமா சூடாகிவிட்டார். பின்லாந்தில் இருக்கும் நம் வில்லுக்குறித் தங்கச்சியைக் கூப்பிடுங்கள். மூன்று வருடமாகச் சதுப்பில்தானே கிடக்கிறாள்.

பனிக்காட்டுக் குமரி | இப்போது பின்லாந்து

வந்துவிட்டேன். ஆராய்ச்சியாளர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோடைக்காலங்களில் வாயு அளக்கும் குழுவுக்குப் பெட்டி தூக்குகிறவள் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேச்சிப்பாறை அணையளவு பரப்பில் ஒரு மெத்தை. மேலே பச்சை, சிவப்பு, வெளிர்மஞ்சள் நிறங்களில் பாசி. நடக்கப் பலகைப் பாதை உண்டு. அதைவிட்டு இறங்கினால் தொடை வரை போகும், எனக்குப் போயிருக்கிறது. ஒரு கைப்பிடிப் பாசியைப் பிடுங்கிப் பிழிந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் வரும். காய்ந்த எடையைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு நீரை அது பிடித்து வைக்கும். நாற்றங்கால் அண்ணன் கிளையில் கட்டுவதும் அதற்காகத்தானே. அந்தச் செடிக்கு வேர் கிடையாது. நுனி வளர்ந்துகொண்டே போகும், அடி செத்துக்கொண்டே போகும். செத்த அடி நீருக்குள் அமிழ்ந்துவிடுவதால் காற்றுப்படாது. மேலும் பாசியே தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கிவிடுகிறது. அமில அளவு (pH) 4 அளவில் நிற்கும், ஏறக்குறைய நம் தக்காளிச் சாற்றின் புளிப்பு. குளிர், புளிப்பு, காற்றின்மை மூன்றும் சேர்ந்தால் மக்குவது மிகமிக மெதுவாக நடக்கும். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதைவிடக் குறைவாகவோ பீட் ஏறும். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் விலகிய பிறகு, பத்தாயிரம் வருடமாக இப்படி ஏறியிருக்கிறது. உலகின் நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் இந்தச் சதுப்புகள். ஆனால் எல்லாக் காடுகளின் மரங்களிலும் இருப்பதைவிட அதிகமான கரி, அதாவது கார்பன், இவற்றின் அடியில் இருக்கிறது.

எங்கள் வேலை இதுதான். ஒரு சதுர வளையத்தைப் பாசிக்குள் முன்பே பதித்து வைத்திருப்போம். அதன் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும், அதில் தண்ணீர் ஊற்றுவோம். கண்ணாடி போன்ற பெட்டியை அதன்மேல் கவிழ்த்தால் காற்று கசியாது. உள்ளே சிறு விசிறி ஒன்று சுழலும். வெயிலில் மூன்று நிமிடம் வைத்தால் பெட்டிக்குள் கரியமில வாயு இறங்குவது திரையில் தெரியும், செடி இழுத்துக்கொள்கிறது. பிறகு பெட்டியைத் திறந்து காற்றாட விட்டு, மறுபடி கவிழ்த்துக் கறுப்புத் துணியைப் போர்த்துவோம். இப்போது வாயு ஏறும், செடியும் மண்ணும் விடும் மூச்சு அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒளிச்சேர்க்கையின் அளவு. அந்த நேரத்தில் கொசு கடித்தாலும் அசையக் கூடாது. பலகையில் ஓங்கி மிதித்தால் அடியிலிருந்து மீத்தேன் குமிழி வந்து அன்றைய அளவையே கெடுத்துவிடும்.

வேதியியல் வாத்தியார் | நாகர்கோவில்

குமிழி என்றதும் எனக்கு வகுப்பறை நினைவு வருகிறது. 1776-இல் வோல்டா இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் கம்பால் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துப் பற்றவைத்துப் பார்த்தார். அப்படித்தான் மீத்தேன் அறிவியலுக்குள் வந்தது. பாடம் நடத்தும்போது மாணவர்களைப் பக்கத்துக் குளத்துக்குக் கூட்டிச் சென்று கம்பால் குத்திக் காட்டுவேன். பற்றவைக்கத் தலைமையாசிரியர் அனுமதிக்கவில்லை.

நாற்றங்கால் கேட்டதற்கு வேதியியல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். செத்த செடியைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைத்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும், கரியமில வாயு வரும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறொரு கூட்டம் இருக்கிறது. அது மெதுவாக வேலை செய்து மீத்தேன் விடும். சதுப்பில் இந்த இரண்டுக்கும் எல்லைக்கோடு நீர்மட்டம்தான். மட்டத்துக்கு மேலே காற்றுள்ள பகுதி, கீழே காற்றில்லாத பகுதி.

இதில் நுட்பமான ஒன்று உண்டு. பாசியில் பீனால் வகைப் பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவை மக்கவைக்கும் நொதிகளின் வேலையைத் தடுத்து நிறுத்துகின்றன. அந்தப் பீனால்களை அழிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் தேவை. நீர் இருக்கும்வரை ஆக்சிஜன் இல்லை, அந்த நொதி சும்மா கிடக்கும், பீனால்கள் குவியும், பீட் மக்காது. 2001-இல் பிரீமன் என்பவரும் கூட்டாளிகளும் இதைத் தாழ்ப்பாள் என்றே பெயரிட்டு எழுதினார்கள். நீரை வடித்தால் தாழ்ப்பாள் திறந்துகொள்கிறது.

வயல்வரப்பு

சார், அப்படியானால் நீர்மட்டம் ஒன்றைச் சொன்னால் போதுமே. செடியை எதற்கு இழுக்கிறீர்கள்?

பனிக்காட்டுக் குமரி

மாமா, நானும் முதல் கோடையில் இதையேதான் கேட்டேன். எங்கள் இடத்தில் நாலடித் தள்ளி இரண்டு வளையங்கள் இருக்கின்றன. இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றுதான். ஒன்றில் வெறும் பாசி. மற்றதில் பாசிக்கு நடுவே பஞ்சுபோல் வெள்ளைப் பூவிடும் ஒரு புல். நம் குளக்கரையில் பாய்க்கு அறுக்கும் கோரை இருக்கிறதே, அதே குடும்பம். அந்த வளையத்தில் மீத்தேன் பல மடங்கு அதிகம்.

காரணத்தைத் தேரூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. தாமரைத் தண்டை ஒடித்தால் உள்ளே துளைத்துளையாக இருக்குமே, சின்ன வயதில் தண்ணீருக்குள் வைத்து ஊதி விளையாடுவோம். கோரை இனங்களின் தண்டிலும் வேரிலும் அதே மாதிரிக் காற்றறைகள் உண்டு. சேற்றுக்குள் இருக்கும் வேர் மூச்சுவிட அது தேவை. ஆனால் மேலிருந்து காற்று இறங்கும் அதே வழியில் அடியிலிருந்து மீத்தேன் ஏறிவிடுகிறது. வெறும் பாசி என்றால் மீத்தேன் மெதுவாகக் கசிந்து மேலே வர வேண்டும். வரும் வழியில் காற்றுள்ள அடுக்கில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் காத்திருக்கும். சில பாக்டீரியாக்கள் பாசியின் உடலுக்குள்ளேயே குடியிருந்து மீத்தேனைத் தின்று கரியமில வாயுவைப் பாசிக்கே கொடுக்கின்றன. கோரைக்காரன் இந்தச் சோதனைச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போகிறான். அந்தத் தண்டுகளை நீருக்குக் கீழே வெட்டி வாயை அடைத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு, மீத்தேன் குறைந்துவிடும். அதோடு, புல்லின் வேர் கசியவிடும் இனிப்புச் சாறு மீத்தேன் நுண்ணுயிர்களுக்குப் புதுச் சாப்பாடு.

நீர்மட்டம் நீண்ட காலம் கீழே போனால் கதை வேறு. வேரில்லாத பாசியால் ஆழத்து நீரை இழுக்க முடியாது. வெளுத்துப்போய் வேலையை நிறுத்திவிடும். குத்துச்செடிகள் வேரை ஆழமாக விட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பிடிக்கும். பிறகு மரம். பீட்டை உண்டாக்கும் செடி போய், பீட்டின் மேல் நிற்கும் செடி வந்துவிடுகிறது. இந்த நாட்டில் காடு வளர்க்கவென்று வாய்க்கால் வெட்டி ஏறக்குறையப் பாதிச் சதுப்பை வடித்துவிட்டார்கள். அங்கே நடந்தால் கீழே காய்ந்த சருகுதான், பாசி கண்ணில் படுவதே அபூர்வம்.

தேரூர் நாரை

தாமரைத் தண்டு உவமைக்கு நன்றி. சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு, பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் நாரையைத்தான் எண்ணுகிறார்கள். தண்டின் வழியாக என்ன போகிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும்தான்.

வயல்வரப்பு

சரி மக்களே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கு எங்கே? வருவது எவ்வளவு, போவது எவ்வளவு? வரவு செலவு இல்லாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

பனிக்காட்டுக் குமரி

கனடாவில் ஒட்டாவா பக்கத்தில் மெர் புளூ என்றொரு சதுப்பு. 1998 முதல் வாயு அளக்கும் கோபுரம் நட்டு இரவும் பகலும் அளக்கிறார்கள். முதல் ஆறு வருடச் சராசரி, ஒரு சதுர மீட்டருக்கு, கரியின் எடையில்:

காற்றிலிருந்து வரவு சுமார் 40 கிராம். நீரில் கரைந்து வெளியே ஓடுவது சுமார் 15 கிராம். சதுப்பு நீர் கட்டன் சாயா நிறத்தில் இருப்பது அதனால்தான். மீத்தேனாகப் போவது 3.7 கிராம். கையில் நிற்பது 21 கிராம் சொச்சம். ஆனால் இது சராசரி மட்டும். வருடத்துக்கு வருடம் ஏற்ற இறக்கம் பயங்கரம், சில வருடம் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. அங்கே அது மழை, வெயில், நீர்மட்டம் மூன்றும் ஆடும் ஆட்டம்.

வேதியியல் வாத்தியார்

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஓரிடத்தில் இடிக்கிறது. 40 கிராம் கரி என்றால் கரியமில வாயுவாக 147 கிராம். 3.7 கிராம் கரி மீத்தேனாக 4.9 கிராம். நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு சூடாக்கும் என்று எடுத்தால் 133 கிராமுக்குச் சமம். ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுத்துவிடுகிறதே! பிறகு எதற்குச் சதுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று வரப்பு கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

வயல்வரப்பு

கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்காட்டுக் குமரி

சார் சரியாகத்தான் போட்டிருக்கிறார். குழப்பம் அந்த நூறு வருடக் கணக்கில் இருக்கிறது. மீத்தேன் காற்றில் சுமார் 12 வருடம்தான் நிற்கும். சதுப்பு ஐயாயிரம் வருடமாக ஒரே அளவில் மீத்தேன் விட்டுக்கொண்டிருந்தால் பழையது அழிய அழியப் புதியது சேரும். காற்றில் அதன் பங்கு கூடுவதில்லை. கீழ்மடை திறந்திருக்கும் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள் மாமா, வரும் தண்ணீர் வந்தபடி இருந்தாலும் மட்டம் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் உள்ளே போன கரி அப்படியல்ல, வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே பிறந்த புதிதில் சதுப்பு உலகைச் சூடாக்கும், வயதாக ஆகக் குளிர்விக்கும். வடபுலச் சதுப்புகள் இன்று குளிர்விக்கும் பக்கம்தான் நிற்கின்றன.

வடித்துவிட்டால் மீத்தேன் பெரும்பாலும் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பத்தாயிரம் வருடச் சேமிப்பு கரியமில வாயுவாகக் கிளம்பும். அது 12 வருடத்தில் அழிகிற வாயு இல்லை. வாய்க்கால்களின் அடியிலும் சரிவுகளிலும் தேங்கும் நீரிலிருந்து மீத்தேன் வந்துகொண்டும் இருக்கும். 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ஆழமாக வடிக்கப்பட்ட பீட் நிலத்தில் நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தினாலே ஹெக்டேருக்கு வருடம் குறைந்தது 3 டன் கரியமில வாயு அளவுக்குக் கேடு குறையும் என்கிறது. முழுக்க மூழ்கடிக்க வேண்டும் என்றில்லை. மேலே குளம்போல் நின்றால் மீத்தேன் எகிறிவிடும். மட்டம் தரைக்குச் சற்றுக் கீழே, பாசி நனைந்தபடி இருப்பதுதான் நல்ல நிலை.

வேதியியல் வாத்தியார்

இப்போது பிடிபடுகிறது. கரி போனதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஹோம் என்ற இடத்தைச் சொல்லலாம். ஏரியையும் சதுப்பையும் வடித்தபோது, 1851-இல் ஓர் இரும்புத் தூணை அதன் உச்சி தரைமட்டமாக இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தூண் வளரவில்லை. தரை காய்ந்து சுருங்கி, மீதி காற்றில் போய்விட்டது.

வெகுதூரம் போக வேண்டாம், நீலகிரியில் சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கில் நமக்கே பீட் இருக்கிறது. பாசியைவிடப் புல்லும் கோரையும் அதிகம் படிந்தது. அதை அடுக்கடுக்காக எடுத்து சுமார் 20,000 வருடப் பருவமழை மாற்றங்களைப் படித்தார்கள். சுகுமாரும் மற்றவர்களும் 1993-இல் எழுதியது. அந்த நிலத்தில் மலைக்காய்கறிக்கு வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும் என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றங்கால்

ஆக, என் கேள்விக்குப் பதில் இதுவா? வயலின் மண்ணில் பத்தாயிரம் வருடச் சேமிப்பு எதுவும் இல்லை. களிமண், போன போகத்தின் தாள், சாணம், அவ்வளவுதான். காயவிட்டால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது, மீத்தேன் மட்டும் குறையும். சதுப்பிலோ காயவிட்டால் அடிமுதலே போய்விடும்.

பனிக்காட்டுக் குமரி

அதேதான் அண்ணா. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல்லின் தண்டும் காற்றறைத் தண்டுதான். வயலின் மீத்தேனில் பெரும்பங்கு நெற்பயிரின் வழியாகத்தான் மேலே வருகிறது. கோரையும் நெல்லும் செய்வது ஒரே வேலை.

மணக்குடிக்காரன்

குறுக்கே வருகிறேன். எங்கள் காயலில் அலையாத்திச் சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். காற்றில்லாத சேறுதான், ஆனால் மீத்தேன் குறைவு. கடல்நீரில் சல்பேட் இருப்பதால் அதை வைத்து மூச்சுவிடும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்கின்றன, மீத்தேன்காரனுக்குச் சாப்பாடு மிஞ்சுவதில்லை. பழையாற்றில் வெள்ளம் வந்து உப்பு குறைந்தால் இது மாறும். இங்கே நீர்மட்டத்தோடு உப்பையும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். விலகிக்கொள்கிறேன்.

நாற்றங்கால்

நல்ல தகவல். உப்பு என்றதும் என் தொழில் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். நார்த்தூளில் உப்பு அதிகம், கழுவாமல் தொட்டியில் போட்டால் நாற்று கருகும். கழுவ எவ்வளவு நல்ல தண்ணீர் போகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. பீட்டுக்கு மாற்று என்று நெஞ்சை நிமிர்த்துவதற்கு முன்னால் அந்தத் தண்ணீர்க் கணக்கையும் போட வேண்டும்.

பனிக்காட்டுக் குமரி

ஜெர்மனியில் வடித்த சதுப்பில் மறுபடி நீரை ஏற்றி, ஸ்பாக்னம் பாசியையே பயிராக வளர்த்து நாற்றுப் பண்ணைகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். மெதுவாக விளையும், விலை கூடுதல். ஆனால் அடிக்கரி காற்றில் போகாது.

சூடு ஏறினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சதுப்பின்மேல் கண்ணாடி போன்ற பெரிய கூடுகள் கட்டி, 2015 முதல் 9 டிகிரி வரை சூடேற்றிப் பார்த்தார்கள். பாசி குறைந்தது, குத்துச்செடி கூடியது. சேர்த்த வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் கரி வெளியேறியது.

வயல்வரப்பு

நான்கு நாளாக யோசித்தேன். போன வருடம் ஒரு பயிற்சியில் ஓட்டை போட்ட குழாய் ஒன்று இலவசமாகக் கொடுத்தார்கள். கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. நேற்று வாய்க்கால் ஓரத்துத் துண்டு வயலில் புதைத்தேன். ஒரு சாண் மண்ணுக்குள், மீதி வெளியே. உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் தோண்டி எடுக்க வேண்டும், அதை யாரும் சொல்லித் தரவில்லை. குழாய்க்குள் தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. போகும்வரை பாய்ச்ச வேண்டாமாம், பூக்கும் சமயத்தில் மட்டும் நிறுத்தி வைக்க வேண்டுமாம். யூரியா போட்ட கையோடு காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வரும் என்று சார் போனில் எச்சரித்தார், அது மீத்தேனைவிடப் பொல்லாததாம். வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், ராத்திரி முழுக்க இடவப்பாதி மழையின் மிச்சம் கொட்டித் தீர்த்தது. காலையில் போய்ப் பார்த்தால் குழாயே மூழ்கிக் கிடக்கிறது. இந்த மாவட்டத்தில் இரண்டு பருவமழைக்கு நடுவே எந்த வயலைக் காயவைப்பது?

பனிக்காட்டுக் குமரி

மாமா, அந்தக் குழாயின் படம் ஒன்று போடுங்கள். எங்கள் சதுப்பிலும் நீர்மட்டம் பார்ப்பது அதே மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயில்தான். நீளம் மட்டும் அதிகம். உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு, தண்ணீர் தெரியாது. அதனால் அளவு குறித்த மெல்லிய ரப்பர்க் குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே இறக்குவோம். குளுகுளுவென்று சத்தம் வந்த இடத்தில் நிறுத்தி அளவைப் படிப்போம்.

வயல்வரப்பு

படம் போட்டிருக்கிறேன், பேரன் எடுத்தது. மழை நின்று மூன்றாம் நாள். பூச்சிமருந்துத் தெளிப்பானின் பழைய குழாய் வேண்டாம் என்று பேரன் தடுத்துவிட்டான், இளநீர்க் கடையில் உறிஞ்சுகுழல் வாங்கி நான்கை ஒட்டி ஊதினேன். இன்று காலை 6 செ.மீ. கீழே.

பனிக்காட்டுக் குமரி

இங்கே ஒரு வாரமாக மழை இல்லை. பாசி ஓரமெல்லாம் வெளுக்கிறது. 24 செ.மீ. கீழே.